செப்டெம்பரில் 100 கி.மீ. நடைபவனி, ஏப்ரலில் மரதன்: ஒன்று மற்றதுக்கு உதவுமா?

மருதங்கேணியான்:

வணக்கம் உறவுகளே. அடுத்த ஏப்ரல் லண்டன் மரதனை ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டு, அவர்கள் தரும் இடத்தில் ஓட எண்ணியிருக்கிறேன். அதற்கு முன்னம், செப்டெம்பர் நடுப்பகுதியில் தேம்ஸ் கரையோரம் நடக்கும் 100 கி.மீ. நிதிசேர் நடைபவனிக்கு எங்கள் ஊர்ச்சங்கத்தில் நாலு பேர் பதிய இருக்கிறோம். புட்னிப் பாலத்துக்குப் பக்கத்தில் வெளிக்கிட்டு ஹென்லியில் முடிகிறது. 50 கி.மீ.உடன் ரனிமீட்டில் நிறுத்தவும் வழி உண்டு.

வயது 41. இப்போது கிழமைக்கு இரண்டு தரம் 5 கி.மீ., ஞாயிறில் 8 கி.மீ. ஓடுகிறேன். கிலோமீற்றருக்கு 7 நிமிடம் பிடிக்கிறது. ஒரே நாளில் நடந்ததில் ஆகக் கூடியது 15 கி.மீ. நடைக்கு இன்னும் 16 கிழமை இருக்கிறது.

நடை மரதனுக்கு உண்மையிலேயே உதவுமா? நடைப்பயிற்சி செய்யும் மாதங்களில் ஓட்டத்தை விடலாமா? 100ஆ, 50ஆ? ஒரே சப்பாத்து இரண்டுக்கும் போதுமா? நாலு பேரில் ஒருவருக்கு நீரிழிவு, மாத்திரையில் இருக்கிறார். அவர் விசேடமாகக் கவனிக்க வேண்டியது என்ன? விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

கரையோர ஓட்டம்:

உதவும் சகோ. ஆனால் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். நிறையப் பேருக்கு அடிபடுவது அந்த இடத்தில்தான்.

நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். அடிக்கு அடி கால் வாங்கும் பாரம் உடல் எடையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி இறங்குகின்றன. அப்போது வாங்கும் பாரம் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பும் குதிநாணும் அந்தப் பாரத்துக்குப் பழக வேண்டுமானால் ஓடித்தான் பழக வேண்டும். எத்தனை நூறு கிலோமீட்டர் நடந்தாலும் அது வராது.

நடை தருவது வேறு. மணிக்கணக்கில் காலில் நிற்கிற சக்தி, சோர்ந்த பிறகும் நிமிர்ந்தே இருக்கப் பழகிய இடுப்பு, இறுகிய பாதத் தோல், நகர்ந்துகொண்டே சாப்பிடப் பழகிய வயிறு. 5 மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவர்களை 30 கி.மீ.க்கு மேல் படுத்துவது பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றுதான். மூச்சு அப்போதும் நன்றாகவே இருக்கும்.

அதனால் ஓட்டத்தை விடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கண்டிப்பாக விடாதீர்கள். நாலு மாதம் நடை மட்டும் போட்டு, 100 முடித்த தெம்பில் அக்டோபரில் சிலர் நேரே 15 கி.மீ. ஓடப் போவார்கள். இதயமும் நுரையீரலும் தாங்கிவிடும். கணைக்கால் எலும்பு தாங்காது. (கால் முன்பக்க எலும்பைத்தான் சொல்கிறேன், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் கையால் தடவினால் தட்டுப்படுவது.) அங்கே முதலில் ஒரு எரிச்சல் வரும். அதை மதிக்காமல் ஓடினால் எலும்பில் கீறல் வரை போகும். பிறகு டிசம்பர் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

உங்கள் 16 வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். வார நாட்களில் இரண்டு ஓட்டம், 5 முதல் 8 கி.மீ., பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். இன்னொரு நாள் 8 கி.மீ. விறுவிறு நடை. ஞாயிறு ஓட்டத்தின் இடத்தை நீள்நடை எடுத்துக்கொள்ளட்டும். அது முதல் மூன்று வாரம் 15, 18, 21. நாலாவது வாரம் 15க்கு இறக்கம். பிறகு 24, 27, 30, மறுபடி 20க்கு இறக்கம். ஒன்பதாவது வாரம் சனிக்கிழமை 28, ஞாயிற்றுக்கிழமை 18. இந்த ஜோடி நடையை மட்டும் தவறவிடாதீர்கள். களைத்த காலோடு காலையில் எழுந்து நடப்பது எப்படி என்பதை இதுதான் காட்டும். பத்தாவது வாரம் 32, அடுத்தது 22, பன்னிரண்டாவது வாரம் 40. அதுதான் உச்சம். அதன் பிறகு 25, 20, 12 என்று இறக்கி, பதினாறாவது வாரம் நடைக்குப் போங்கள்.

100 நடக்க 100 நடந்து பழகத் தேவையில்லை. பயிற்சியில் 40ஐத் தாண்டினால் கிடைப்பது கொப்புளங்களும், ஆறுவதற்குப் போகும் ஒரு வாரமும்தான்.

வாரம் இரண்டு முறை, படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து குதிகாலை ஏற்றி இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15, சற்று மடக்கி 15, மொத்தம் மூன்று சுற்று. மடக்கிச் செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் அதிகம் உழைக்கும் உள் கெண்டைத் தசைக்கு அதுதான் போய்ச் சேரும்.

பயிற்சிக்கு இடம் தேட வேண்டாம். பந்தயப் பாதையே கிடக்கிறது. புட்னியிலிருந்து ரிச்மண்ட், கிங்ஸ்டன் வழியாக ஹாம்ப்டன் கோர்ட் சுமார் 27 கி.மீ. முடிகிற இடத்திலேயே ரயில் நிலையம், வாட்டர்லூவுக்கு நேர் வண்டி. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தேம்ஸில் கடல் ஏற்றம் டெடிங்டன் அணை வரை வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய உயர் ஏற்றத்தில் புட்னிக் கரையிலும் ரிச்மண்ட் பக்கத்திலும் நடைபாதைமேல் தண்ணீர் ஏறிவிடும். முந்தின நாளே ஏற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 5ஆவது கிலோமீட்டரில் ஷூ நனைந்தால் மிச்சம் 22ம் கொப்புளம்தான்.

நேரக் கணக்கு: மணிக்கு 5.5 கி.மீ. என்றால் 100க்கு 18 மணி 10 நிமிடம் என்று தாள் சொல்லும். எட்டு இடத்தில் 25 நிமிடம் நின்றால் 3 மணி 20 நிமிடம் அங்கேயே போய்விடும். இருட்டில் வேகம் 4.5க்கு விழும். ஆக 23, 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நேரத்தைக் குறைக்க வேகமாக நடக்கப் பார்க்காதீர்கள், நிற்கிற நேரத்தைச் சுருக்குங்கள். நிறுத்தத்துக்குள் நுழையும் முன்பே யார் தண்ணீர் பிடிப்பது, யார் காலுறை மாற்றுவது என்று பேசிவிட்டால் 25 நிமிடம் 12 ஆகும்.

பாதம் பார்ப்பவர்:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நான் பாதத்தை மட்டும் பேசுகிறேன், 100 கி.மீ. நடையில் ஆட்கள் விலகுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

காலணி: இந்தப் பாதை சரளை, புல், கொஞ்சம் தார். ஏற்றமில்லை. கணுக்கால் உயரப் பூட்ஸ் வேண்டாம், கனமும் வெப்பமும்தான் மிஞ்சும். ஓட்டக் காலணியோ, அடிப்பக்கம் சற்றுப் பிடிப்புள்ள பாதையோட்டக் காலணியோ போதும். ஆனால் மரதனுக்கு வைத்திருக்கும் அதே சோடியில் நடக்காதீர்கள். பயிற்சியும் பந்தயமுமாக 500 கி.மீ. தாண்டிவிடும், மெத்தை செத்துப்போகும். நடைக்கு ஒரு சோடி, ஓட்டத்துக்கு ஒரு சோடி.

அளவு முக்கியம். 50 கி.மீ.க்கு மேல் பாதம் வீங்கும். எழுந்து நின்றபடி, மிக நீண்ட விரலுக்கு முன் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பலருக்கு மிக நீண்டது இரண்டாம் விரல், அதையும் பாருங்கள். கடைக்கு மாலையில், நடக்கும்போது போடப்போகும் அதே காலுறையோடு போங்கள். புதுச் சோடியைக் குறைந்தது 60, 70 கி.மீ. பழக்காமல் நடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கொப்புளம் மூன்று சேர்ந்தால் வரும்: ஈரம், சூடு, தோலுக்குள் நடக்கும் இழுபறி. எலும்பு ஒரு பக்கம் நகர, காலுறையோடு ஒட்டிய மேல்தோல் அங்கேயே நிற்க, இடையில் உள்ள படலம் கிழிந்து நீர் கட்டும். அதனால் பருத்திக் காலுறை கூடாது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை நூல் எடுங்கள். விரல்களுக்கிடையே கொப்புளம் வருகிறவர்கள் விரல் பிரித்த காலுறை போடலாம். 20, 25 கி.மீ.க்கு ஒருமுறை காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, 5 நிமிடம் காற்றுப்பட விட்டு, புதுசைப் போடுங்கள். நாலு சோடி கையில் இருக்கட்டும்.

ஓர் இடம் சூடாக உறுத்தத் தொடங்கினால் அடுத்த நிறுத்தம் வரை பொறுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே உட்காருங்கள். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, துத்தநாக ஆக்சைடு ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். வெட்டும்போது மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலை விட்டால் காலுறை அதைத்தான் முதலில் பிடித்து உரிக்கும். வாசலின் பூசிய தோலில் நாடா ஒட்டாது, ஆகவே நாடா ஒட்டுகிற இடத்தில் அன்று காலையில் எதுவும் பூசாதீர்கள். வாசலின் தொடையிடுக்குக்கும் அக்குளுக்கும் இருக்கட்டும்.

கொப்புளம் வந்தே விட்டால்: சிறிதென்றால் கூழ்ம ஒட்டு (கொப்புளத்துக்கென்றே மருந்துக் கடையில் விற்கும் பிளாஸ்டர்) ஒன்றை வைத்து மூடிவிட்டு நடக்கலாம். அதை வீட்டுக்குப் போகும் வரை உரிக்கக் கூடாது, தோலும் கூட வரும். பெரிதாகி நடக்கவே முடியவில்லையென்றால், கைகளைக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, மேல்தோலை வெட்டாமல் அப்படியே படியவிட்டு, கிருமிநாசினி தடவி மூட வேண்டும். நிறுத்தங்களில் முதலுதவிக்காரர் இருந்தால் அவர்களிடமே விடுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல்: 60 கி.மீ.க்குப் பிறகு கணுக்காலின் முன்பக்கம், கயிறு முடிச்சுப் போடும் இடத்துக்குச் சற்று மேலே, வீங்கி, பாதத்தை மேலே தூக்கும்போதெல்லாம் கரகரவென்று உரசும். விரலை வைத்தால் அந்த உரசல் கையில் தெரியும். வீங்கிய பாதத்தைக் கயிறு இறுக்குவதால் தசைநாண் உறை அழற்சி அடைகிறது. தட்டையான பாதையில் ஒரே அடி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுவதும் காரணம். நிறுத்தம் தோறும் கயிற்றைத் தளர்த்திக் கட்டுங்கள். அழுத்தும் இடத்தில் குறுக்குக் கயிறு போகாதபடி ஒரு துளையை விட்டுக் கட்டினால் இன்னும் நல்லது.

நகங்களை ஒரு வாரத்துக்கு முன்பே நேராக வெட்டிவிடுங்கள். முந்தின இரவு வெட்டினால் ஓரம் கூராக நிற்கும்.

உங்கள் நண்பர் விடயம் தனியாகச் சொல்ல வேண்டியது. நடைக்கு 6 முதல் 8 கிழமை முன்பே மருத்துவரையோ நீரிழிவுத் தாதியையோ பார்த்து, எத்தனை மணி நேர நடை என்பதைத் தெளிவாகச் சொல்லி ஆலோசனை கேட்கட்டும். எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிக்லாசைட் போன்றவை நீண்ட உடலுழைப்பில் சர்க்கரையைத் தாழ்த்தும், அதுவும் நடை முடிந்த அன்றிரவு தூக்கத்திலும்கூட. டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் நீரிழப்பும் சாப்பாட்டுக் குறைவும் சேரும்போது இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறும் அபாயம் உண்டு. அளவைத் தானாக மாற்றக் கூடாது. நிறுத்தம் தோறும் சர்க்கரை அளக்க வேண்டும், குளுக்கோஸ் வில்லைகள் சட்டைப்பையில் இருக்க வேண்டும், மற்ற மூவருக்கும் அவை எந்தப் பையில் என்று தெரிந்திருக்க வேண்டும். வருடாந்தப் பாதச் சோதனையில் உணர்ச்சி குறைந்திருப்பதாகச் சொல்லியிருந்தால் 100 கி.மீ. வேண்டாம். உறுத்தல் தெரியாத பாதத்தில் கொப்புளம் புண்ணாகும் வரை யாருக்கும் தெரியாது. உணர்ச்சி நன்றாக இருந்தாலும் அவர் கொப்புளத்தைத் தானே குத்தக் கூடாது.

ரனிமீட் வரை போதும்:

மற்றவர்களிடமிருந்து ஒரு விடயத்தில் வேறுபடுகிறேன். நோக்கம் மாரத்தான் என்றால் 50 போதும்.

புட்னியிலிருந்து ரனிமீட் வரை பகல் வெளிச்சத்தில் 10, 11 மணி நேரத்தில் முடியும். மாரத்தானுக்கு வேண்டிய பாடம் அத்தனையும் அந்த 50க்குள் இருக்கிறது: காலணி, காலுறை, சாப்பாடு, தொடக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. ஒரு வாரத்தில் திரும்ப ஓடலாம். இரண்டாவது 50 கற்றுத்தருவது தூக்கமில்லாமல் இரவெல்லாம் நடப்பதை. அது பெரிய காரியம்தான். ஆனால் ஏப்ரலில் காலை தொடங்கி மாலைக்குள் முடிகிற ஓட்டத்துக்கு அது தேவைப்படாது.

நாலு பேர் குழுவாகப் போகும் 100 கி.மீ. நிதிசேர் நடை ராணுவப் பயிற்சியிலிருந்து வந்தது. ஹாங்காங்கில் மெக்லஹோஸ் மலைப்பாதையில் 1981இல் கூர்க்கா வீரர்களுக்கான பயிற்சியாகத் தொடங்கி, 1986இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாலு பேர் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக முடிக்க வேண்டும் என்ற முறை அங்கிருந்துதான் பரவியது. அந்த முறையில் ஒரு உண்மை இருக்கிறது: குழுவின் வேகம் மிக மெதுவான ஆளின் வேகம். உங்கள் நாலு பேரில் ஒருவர் மணிக்கு 4.5 கி.மீ. என்றால் மற்ற மூவரும் பழகாத மெதுநடையில் 25 மணி நேரம் நடக்க வேண்டும். அது இடுப்பைப் பிடிக்கும். நாலு பேரும் சேர்ந்து ஒரு 30 கி.மீ. நடந்து பார்க்காமல் 100க்குப் பணம் கட்டாதீர்கள்.

ஊர்க்காரர் என்பதால் 2011 நடையும் உங்கள் நினைவில் இருக்கும். இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கி.மீ., தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக. நாளுக்குச் சராசரி 25 கி.மீ., இரவில் உறக்கம். உடலுக்கு அது முற்றிலும் வேறு வகைச் சுமை, மாரத்தான் பயிற்சிக்கு இன்னும் நெருக்கமானதும்கூட. 'அவர்கள் 670 நடந்தார்களே, நமக்கு 100 பெரிதா' என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

கரையோர ஓட்டம்:

50 போதும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிக்கு 32 வாரம் இருக்கிறது. 100 நடந்தாலும் மாரத்தான் பயிற்சியை அது தொடாது. நான் வைத்திருக்கும் கணக்கு: 100 கி.மீ. நடைக்கும் மாரத்தானுக்கும் இடையில் குறைந்தது 12 வாரம், 50 கி.மீ. என்றால் 6 வாரம். இடைவெளி அதற்குக் கீழே போனால்தான் 50க்கு இறங்கச் சொல்வேன். குழுவில் வேகம் ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

கட்டுச்சோறு:

சாப்பாட்டை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நடையில் மணிக்கு 30 முதல் 50 கிராம் மாவுச்சத்து போனால் போதும். மாரத்தானில் 60ஐ நோக்கிப் போக வேண்டியிருக்கும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம், பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் 16 முதல் 18, ஓட்டக்காரர்கள் எடுக்கும் ஜெல் பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் 22 முதல் 25. இப்படிக் கணக்குப் போட்டு மணிக்கு மணி கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது என்று அர்த்தம். கைக்கடிகாரத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்க வையுங்கள்.

நம் சாப்பாடு இதற்கு நன்றாகவே உதவும். பொடி தடவிய இட்லி, உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு, எள்ளுருண்டை, புளிச்சாதம் ஒரு சின்ன டப்பா. 8 மணி நேரம் இனிப்பாகவே போய்க்கொண்டிருந்தால் நாக்கு மறுத்துவிடும், அப்போது உப்பும் புளிப்பும்தான் இறங்கும். தயிர்சாதத்தைப் பையில் வெயிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், முதல் நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதென்றால் மட்டும் எடுங்கள். வடை, ரோல்ஸ் போன்ற பொரித்தவை வயிற்றில் நெடுநேரம் நிற்கும், குமட்டலும் தரும். ஊரார் அன்போடு நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொண்டு ஹென்லியில் சாப்பிடுங்கள்.

இரவில் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். சூப்போ சர்க்கரை போட்ட வெறுந்தேநீரோ நல்லது. பால் தேநீர் அந்த நேரத்தில் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

தண்ணீரில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். குறைவாகக் குடிப்பதை எல்லோரும் எச்சரிப்பார்கள். அதிகமாகக் குடிப்பதுதான் மெதுவாக நடப்பவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து. வியர்வை குறைவு, நேரம் நிறைய, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு போத்தல் வெறும் தண்ணீர். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மோதிரம் இறுகுகிற மாதிரி விரல் வீக்கம், தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் இன்னும் தண்ணீர் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவ உதவிக்காரரிடம் கூட்டிப்போங்கள். தாகத்துக்குக் குடியுங்கள். பயிற்சியில் நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், திரும்பி வரும்போது எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள்.

ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு நடப்பது பரவலாக இருக்கிறது. வேண்டாம். நீண்ட உழைப்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், மேலே சொன்ன உப்புக் குறைவையும் கூட்டும். தாங்க முடியாத வலி என்றால் பெட்டியில் சொன்ன அளவில் பாராசிட்டமோல். அதையும் மீறி வலித்தால் அது நிறுத்தச் சொல்லும் வலி.

மருதங்கேணியான்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நண்பர் வைத்தியரிடம் பதிவு செய்யப் போகிறார், அவர் 50உடன் நிற்பதாகவே யோசனை. நாலு பேரும் சேர்ந்து 30 கி.மீ. நடந்து பார்த்துத்தான் மற்ற முடிவு.

இன்னும் மூன்று: நடை முடிந்த பிறகு ஓட்டத்துக்கு எப்படித் திரும்புவது? இரவுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்? ஏழு மாத இடைவெளியில் இரண்டு தரம் அதே ஆட்களிடம் பணம் கேட்பதை எப்படிச் சமாளிப்பது?

கரையோர ஓட்டம்:

முதல் கேள்விக்கு: 100 நடந்தால் 10 முதல் 14 நாள் ஓட்டமே வேண்டாம். முதல் மூன்று நாள் 20 நிமிட மெதுநடை, படுக்கும்போது காலைத் தலையணைமேல் தூக்கி வைப்பது, நன்றாகத் தூங்குவது. நாலாம் நாள் கால் லேசாக இருக்கும், ஓடிப் பார்க்கத் தோன்றும். தசை ஆறியிருக்கும், நாண்கள் இன்னும் ஆறியிருக்காது. இரண்டு வாரம் கழித்து 3 கி.மீ.யில் தொடங்கி, வாரத்துக்கு மூன்று முறை என்று ஏற்றி, அக்டோபர் கடைசிக்குள் பழைய 5, 5, 8க்கு வந்தால் போதும். நவம்பர், டிசம்பரில் ஞாயிறு ஓட்டத்தை 8இலிருந்து 16க்குக் கொண்டுவாருங்கள். ஜனவரி முதல் வாரம் 16 வார மாரத்தான் அட்டவணை தொடங்கும்.

எலும்பின் ஒரு புள்ளியில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா, இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்கவில்லையா? இந்த மூன்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

நடையில் சேர்த்த ஒன்றை ஏப்ரலில் நேரடியாகச் செலவழிக்கலாம். ஓட்டத்துக்கு நடுவே நடையைக் கலப்பது. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. ஓட்டம் கிலோமீட்டருக்கு 6:45, நடை 10:00 என்று வைத்தால் 5 நிமிடத்தில் சுமார் 690 மீட்டர் போகும். 42.195க்கு 5 மணி 5 நிமிடம். ஆனால் கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்பது மணிக்கு 6 கி.மீ. நடை. பழகாதவர்களால் 30 கி.மீ.க்குப் பிறகு அந்த வேகத்தில் நடக்க முடியாது, 13, 14 நிமிடத்துக்குப் போய்விடும். விறுநடை நாளை மழைக்கும் விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். நடை இடைவெளியை முதல் கிலோமீட்டரிலிருந்தே எடுக்க வேண்டும். களைத்த பிறகு எடுத்தால் திரும்ப ஓட்டம் பிடிக்காது. நடக்கப் போகும்போது ஓரத்துக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டுங்கள், பின்னால் வருபவர் மோதாமல் இருக்க.

ரனிமீட் வரை போதும்:

இரவுக்கு: செப்டம்பர் நடுவில் மாலை ஏழேகால் வாக்கில் சூரியன் மறைந்து, காலை ஆறரையை ஒட்டித்தான் உதிக்கும். 11 மணி நேர இருட்டு. தலைவிளக்கு ஒன்றும் மாற்று மின்கலமும் ஆளுக்கு ஆள் வேண்டும், குழுவுக்கு ஒன்று போதாது. நடக்கும்போது குளிராது, உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே நடுக்கம் எடுக்கும். நிறுத்தத்தில் முதலில் மேற்சட்டை, பிறகுதான் சாப்பாடு. ஆற்றங்கரைப் புல்லில் பனி இறங்கும், நள்ளிரவுக்குப் பிறகு ஷூ நனையும், கடைசிச் சோடிக் காலுறையை விடியலுக்கு மிச்சம் வையுங்கள். ஆகஸ்டில் ஒரு நாள் இரவு 9 மணியிலிருந்து 2 மணி வரை நாலு பேரும் விளக்கோடு நடந்து பாருங்கள்.

ஹென்லியிலிருந்து வீட்டுக்கு யார் ஓட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு நாள் முழுக்கத் தூங்காதவர் காரைத் தொடக் கூடாது. நடக்காத ஒருவர் வர வேண்டும், இல்லையென்றால் ரயில்.

கட்டுச்சோறு:

பணம் சேர்ப்பதைப் பற்றி: நடைக்கும் மரதனுக்கும் ஒரே தொண்டு நிறுவனத்தை எடுங்கள். நடையில் சேரும் தொகை மரதன் இடத்துக்கு ஒப்புக்கொண்ட இலக்கில் சேருமா என்று பதிவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளும், சில தனித்தனியாக வைக்கும். சேராது என்றால் நடையின் நுழைவுக் கட்டணம் முழுவதையும் நீங்களே கட்டிவிடலாம், அப்போது நடைக்குக் குறைந்தபட்ச இலக்கு இருக்காது. கேட்பதை மரதனுக்கு மட்டும் ஒருமுறை கேட்கலாம்.

கோவிலிலோ சங்கக் கூட்டத்திலோ காசாக வாங்கினால் பெயர், வீட்டு விலாசம், அஞ்சல் குறியீடு, வரி கட்டுபவர் என்ற உறுதி, தொகை, தேதி எல்லாம் எழுதிய தாள் வேண்டும். அது இருந்தால் நிறுவனம் அரசிடமிருந்து ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் மேலதிகமாகப் பெற முடியும். உண்டியலில் போட்ட காசுக்குப் பெயர் இல்லாததால் 800 பவுண் சேர்த்தவர்கள் 200 பவுணை அப்படியே விட்டுவிட நேரலாம். நிதி சேகரிப்புத் தாளை அந்த நிறுவனமே அனுப்பும், இந்தக் கிழமையே கேட்டு வாங்கிவிடுங்கள்.